குட்டி நாற்காலிகள்

மருத்துவர் நல்லவர். நாற்பது நிமிடம் பேசினார்.
கடைசியில் மேசைமேல் ஒரு தாளை நகர்த்தினார்,
ஏழு தொலைபேசி எண்கள்.
"இங்கெல்லாம் கேட்டுப் பாருங்கள்."
உஷியா அதை விளிம்புக்கு இணையாகத்
திருப்பி வைத்தாள்.
பதினைந்து வயது.
வெளியே விகோ துறைமுகத்தின்மேல் மழை.

காரில் அவள் கேட்டது ஒன்றுதான்:
"அப்போ நான் சோம்பேறி இல்லையா?"
இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறேன்.
அன்று சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனேன்.
அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தது
பள்ளிக்கூடம் மட்டும் இல்லை.

ப்ரைஸ் அயர்லாந்துக்கு மேற்கே, மீன்பிடிக் கப்பலில்.
பேசினால் போய்ச் சேர இரண்டு நொடி ஆகும்.
"அவளுக்கு என்ன ஆச்சு?"
"ஒன்றும் ஆகவில்லை.
எப்போதும் இருந்ததற்குப் பெயர் தெரிந்திருக்கிறது."
இரண்டு நொடி. நான்கு. பத்து.
"வலை ஏறுது, போகணும்" என்றான்.

கடைசி நிறுத்தத்தில் எனக்கு ஆறு நிமிடம் ஓய்வு.
அந்த ஆறு நிமிடங்களில்தான் எல்லா எண்களையும் சுற்றினேன்.
ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது.
ஒன்றில் பதினான்கு மாதக் காத்திருப்பு.
ஒருத்தி வயது கேட்டாள், சொன்னேன்.
"அடடா, நாங்கள் ஆறு வயதுவரைதான்" என்றாள்,
உஷியா ஏதோ பேருந்தைத்
தவறவிட்டு நிற்பதுபோல.
நானும் கதவைச் சாத்திக்கொண்டு போனவள்தான்.
ஓடி வருகிறவர்களைப் பக்கக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்,
பார்க்காததுபோல.

நாத்தனார் டோரிண்டா சொன்னாள்:
"எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கத்தானே செய்யும்."
அவளுக்குக் காபி ஊற்றவில்லை.

ஏழாவது எண், ஆணிக்கடைக்கு மேலே ஒரு மாடி.
வியாழன் மாலை ஆறு மணி.
காலையில் அது மழலையர் அறை போல;
சுவரெங்கும் காகித வாத்துகள்,
முழங்கால் உயர நாற்காலிகள்.
அதில் ஐந்து பேர், மீசை அரும்பியவர்களும் உண்டு,
முழங்காலில் மோவாய் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

உஷியா கதவைத் தாண்டவில்லை.
அண்ணாந்து கூரையையே பார்த்தாள்.
எர்மிட்டாஸ் என்ற அந்த அம்மாளும்
அவள் பார்த்த இடத்தைப் பார்த்தாள்,
டியூப்லைட்டை அணைத்தாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
அரையிருட்டில் ஒருவன், பத்தொன்பது இருக்கும்,
குளிர்பதனக் கிடங்கில் வேலையாம், பெயர் அன்ஷோ,
யாரையும் பார்க்காமல் சொன்னான்:
"அந்த விளக்கு எனக்கும் கேட்கும்."

எனக்கும்.
விளக்கு சத்தம் போடுமா என்று
எத்தனை இரவு அவளைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்,
வீட்டுப்பாடத்தின் எதிரே, அதே விளக்கின் கீழே.

"நீங்கள் கீழே இருங்களேன்" என்றார்கள்.
ஆணிக்கடையில் ஒரு மணி நேரம் நின்றேன்.
சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஒரு கீல் வாங்கினேன்.
எங்கள் வீட்டுக் கதவுகளில் பழுதே இல்லை.

இறங்கி வந்தவள் பாசியைப் பற்றிப் பேசினாள்,
மாடிப்படிச் சுவரில் இரண்டு வகை,
ஒன்று வெயில் தாங்கும், ஒன்று தாங்காது.
"அடுத்த வாரம் நீ வராதே.
பேருந்தில் வந்துக்கறேன்.
உன் பேருந்தில் இல்லை."

திங்கட்கிழமை மறுபடி பள்ளிக்குப் போகவில்லை.
போர்வைக்குள்ளிருந்து வரவே இல்லை.
அதையும் எழுதத்தான் வேண்டும்.

பதினெட்டாம் நாள் ப்ரைஸ் கரையேறினான்.
இருட்டுச் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.
"கரண்ட் இல்லையா?"
உஷியா எழுந்து சுவிட்சைப் போட்டாள். "கேள்."
உப்பு வாடையோடு, தோளில் பையோடு,
தலையைச் சாய்த்து நின்றான்,
எஞ்சின் கோளாறைக் கேட்கிறவனைப்போல,
வெகு நேரம்.
"ஒன்றும் கேட்கலையே."
"கேட்கலைன்னா நம்பு" என்றாள்.

அவன் சுவிட்சைத் தேடி அணைத்தான்.
பிறகு ரொட்டி எங்கே என்று
மேசைமேல் தடவினான்.