பதின்மூன்றாவது பலகை

ஷார்ஜா, தொழிற்பேட்டை ஐந்து.
மெஷினின் தலை இடமும் வலமும் ஓடி ஓடி
ஒரு முகத்தை இறக்குகிறது.
முதலில் நெற்றி, அப்புறம் புருவம்.
மூக்கு வர ஆறு நிமிஷம்.

கனடா பாடத்திட்டப் பள்ளிக்கூடத்து ஆர்டர்.
'நம் நாட்டை நாடாக்கியவர்கள்' என்று தலைப்பு.
பன்னிரண்டு முகம். கூட ஒன்று,
அதில் முகம் கிடையாது,
கண்ணாடித் தாள் ஒட்டித் தர வேண்டும்.
வியாழக்கிழமைக்குள்.

மூலைக்கு மூலை மேப்பிள் இலை.
ஐந்தாவது பலகையிலேயே மஜெந்தா காலி.
முதலாளி குஞ்ஞுமோன் தலையில் கைவைத்தார்:
ஒரு தேசத்துக்கு இத்தனை சிவப்பா?

தாடிக்கார ஃபிளெமிங்கை நான்தான் வெட்டினேன்.
ஒரு ரயிலைத் தவறவிட்டவர்,
உலகத்தையே இருபத்துநாலு கீற்றாகப் போட்டுவிட்டார்.
பிறந்தது ஸ்காட்லாந்து என்று கீழே எழுதியிருந்தது.
இரண்டு தடவை படித்தேன்.
வேறெங்கோ பிறந்தவரை
'நம்' என்று எழுத அவர்களுக்குக் கூச்சமே இல்லை.
இருபத்திரண்டு வருஷமாக என் கைபேசியில்
இரண்டு கடிகாரம், நடுவே ஒன்றரை மணி.
முழுசு முழுசாக வெட்டினீரே,
இந்த அரை எங்கிருந்து வந்தது
என்று கேட்டேன்.
தாடி விறைப்பாகவே இருந்தது.

தொபாரக் மியாவுக்கு இங்கிலீஷ்
எழுத்துக் கூட்டத்தான் வரும்.
பான்டிங் பலகைக்கு லேமினேஷன் போடும்போது
ஒரு சொல்லில் விரலை வைத்து நின்றுவிட்டான்:
இன்சுலின்.
எங்கள் அறை ஃபிரிட்ஜில்
ஏழு பேரின் மீன்குழம்புக்கு நடுவே
பேனா போலக் கிடக்கிறதே, அது.
உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு
விட்டுக்கொடுத்தார்களாம்,
வாசித்துச் சொன்னேன்.
மியா சட்டையைத் தூக்கி
ஊசித் தழும்புகளைக் காட்டினான்
அந்த முகத்துக்கு நேராக,
டாக்டரிடம் காட்டுவதுபோல.
"போன மாசம் ஒரு பெட்டி
என்ன விலைக்கு வாங்கினேன், அவரிடம் சொல்லு."
நான் சொல்லவில்லை.
பலகை ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழ்.
துணியால் தள்ளித் தள்ளி வெளியேற்றினோம்.

சரிபார்க்க வந்த ஹலினா டீச்சர்
வயோலா டெஸ்மண்ட் வெளுத்துவிட்டார் என்றார்.
"கறுப்பைக் குறைக்காதீர்கள். கதையே அதுதான்."
சினிமாக் கொட்டகையில்
வெள்ளைக்காரர் வரிசையில் உட்கார்ந்தவர்,
எழு என்றபோது எழாதவர்.
தண்டிக்கக் காட்டிய காரணம்:
டிக்கெட் வரியில் ஒரு சென்ட் குறைவு.
இன்று பத்து டாலர் நோட்டில் அவர் முகம்.
மூன்று தடவை அச்சடித்தோம்.
மூன்றாவதில் என் சின்ன அக்காவின் நிறம் வந்தது.
டீச்சர் தலையாட்டினார்.

கிளம்பும்போது எந்த ஊர் என்று கேட்டேன்.
வின்னிபெக். தாத்தா உக்ரைன்.
"நீங்கள்?"
ஷார்ஜா, என்றது வாய்.
அப்புறம் திருத்திக்கொண்டேன்.

வியாழன் காலை பிக்கப்பில் ஏற்றினோம்.
செயற்கைக் காலோடு ஓடியவரின் பலகை மட்டும்
கதவில் நுழையாமல் அடம்பிடித்தது.
கண்ணாடிப் பலகை மேலே மல்லாந்து கிடந்தது.
வழியெல்லாம் அதில் பாலம், கிரேன்,
ஒரு விமானத்தின் வயிறு.

பள்ளி நடைவழியில் பென்சில் குறி போட்டிருந்தார்கள்.
எட்டு வயசுப் பிள்ளையின் உயரம்.
'அடுத்தது நீ' என்ற எழுத்துக்குக் கீழே
எனக்குத் தெரிந்தது
சட்டைப் பையும் அதில் செருகிய அடையாள அட்டையும்.
ஆணி முடுக்கக் குனிந்தபோது
சுண்ணாம்புத் தூசியோடு ஒரு மூஞ்சி
சட்டென்று எதிரே வந்தது.
துடைத்தேன். கண்ணாடியைத்தான்.
மணி அடித்தது.
பிள்ளைகள் வருவதற்குள் ஏணியை மடக்கினோம்.

சாயந்திரம் பில் எழுதினேன்: பலகை பதின்மூன்று.
அலுவலகத்தில் பேரம் பேசினார்கள்,
கடைசிப் பலகைக்கு மை செலவில்லையே என்று.
முகம் இல்லாததற்குப் பாதி விலை.
குஞ்ஞுமோன் சரி என்றுவிட்டார்.