அபராதம்

முக்கூடல் கிளை நூலகத்துக்குத்
திரும்பி வந்த நாவலில் புகையிலை வாசம்.
போர்க்கதை. எந்த நாடென்று சொல்லாத நாடு,
பனி பெய்கிற ஊர்.
பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெண்,
அந்தப் பக்கம் ஒரு ராணுவம்.

ஓரங்களில் பென்சில்.
விதிப்படி எழுதியவர் பணம் கட்ட வேண்டும்,
எழுதியதை நான் அழிக்க வேண்டும்.
ரப்பரை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

பக்கம் நாற்பத்தொன்று.
சிப்பாய்கள் கதவைத் தட்டுகிறார்கள்.
ஓரத்தில்: 'தட்ட மாட்டாங்க.'

அறுபதில், அவள் பயந்து அலறினாள் என்கிறது கதை.
ஓரத்தில்: 'சத்தம் வராது.
வாய்க்குள்ள துணி காஞ்ச மாதிரி இருக்கும்.'

எண்பத்தேழில் வைக்கோல் போரின் மறைவில்
அவனும் அவளும்.
குறிப்பு ஏதுமில்லை.
பீடி கட்டுகிற ரோஸ் நூல், விரற்கடை அளவு,
மடிப்பில் கிடந்தது.
அந்தத் தாள் மட்டும் மெத்தென்றிருந்தது,
துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி போல.

நூற்றுப் பன்னிரண்டு:
விசாரணை நடந்தது, அதிகாரி தண்டிக்கப்பட்டார்.
இங்கே பென்சில் முனை ஒடிந்திருக்கிறது.
ஒரே குத்து.
தாளின் மறுபுறம் தடவினால் இப்போதும் தெரிகிறது.

அப்புறம் அந்தப் பையன்.
லாந்தரைத் தூக்கிக்கொண்டு
சிப்பாய்களுக்கு வீடு காட்டிக் கொடுக்கிறவன்.
கதையில் அவனுக்குப் புத்தி பேதலித்து
கடைசியில் ஆற்றில் விழுந்து சாகிறான்.
ஓரத்தில், மற்ற எழுத்தைவிடச் சின்ன எழுத்தில்:
'விழுந்திருக்க மாட்டான்.
எங்கயாச்சும் வேலை பாப்பான்.
அவன் கை நடுங்குச்சு, நான் பாத்தேன்.'

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.
தினசரித் தாள்களின் மேல் கல் வைத்திருந்தோம்.

எனக்கு அப்போது பதினேழு வயது.
ஜீப்பில் ஏற்றி டார்ச்சைக் கையில் திணித்து
'ஏலே சொரிமுத்து, வீடு தெரியும்லா, காட்டு'
என்றார் இன்ஸ்பெக்டர்.
கால்வாய்க்கு அந்தப் பக்கம் பதினாறு வீடுகள்.
கல் எறிந்தது யார், கேஸ் யார் மேல்,
எதுவும் தெரியாது எனக்கு. வீடு தெரியும்.
கபடிக்கு ஆள் கூப்பிடப் போன வாசல்கள்.
மூன்று கதவில் வெளிச்சத்தை வைத்தேன்.
நாலாவது திறந்தே கிடந்தது.
பீடித் தட்டு கவிழ்ந்து தரையெல்லாம் இலை,
அதன் மேல் பூட்ஸ்.
யாரையோ இழுத்துக்கொண்டு போனார்கள்,
அவன் இருமிக்கொண்டே போனான்.
வெளிச்ச வட்டத்துக்குள்
ஒரு பெண்ணின் பாதம், மெட்டி.
முகத்துக்கு டார்ச்சை உயர்த்தவில்லை.
அதை இரக்கம் என்று
வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

'நடுங்குச்சு' என்பதில் முதல் எழுத்தை
அழித்த பிறகு ரப்பர் நகரவில்லை.

சனிக்கிழமை வந்தாள். மு. முப்பிடாதி.
நரை, பிளாஸ்டிக் பை, நக இடுக்கில் தூள்.
'புக்குல எழுதிருக்கீங்க, பத்து ரூபா' என்றது
என் குரல்தான்.
மறுக்கவில்லை.
முந்தி முடிச்சை அவிழ்த்து
ரெண்டு ரூபாய்க் காசுகளாக ஐந்து வைத்தாள்.
ரசீது எழுதுகிற என் கையைப் பார்த்தாள்.
எழுதி, கார்பன் தாளை உருவி, கிழித்து நீட்டும்வரை
பார்த்துக்கொண்டே இருந்தாள்.

'இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்கா அண்ணாச்சி?'
'இல்லை.'
'ஆரும் எழுதலயா,
இல்ல இங்க வாங்கிப் போடலயா?'

அவளுக்குப் பின்னால்
குரூப் நாலு கைடு கேட்டு ஒருவன் நின்றான்.
அடுத்து, என்றேன்.