இரண்டு கச்சான்

இருபத்து மூன்று பிள்ளைகள்,
ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.
வெள்ளி இரவு, கொப்பியின் கடைசித் தாளில்
எழுதி எழுதி வெட்டுகிறேன்.

கச்சான் அல்வா முதலிலேயே போயிற்று.
எள்ளுருண்டையும் போனது.
அந்தக் கடையில் எள்ளும் கச்சானும்
ஒரே தாச்சியில்தான் வறுபடும்.
ஜெலி மிட்டாய்ப் பொதியைத்
திருப்பித் திருப்பிப் பார்த்த அஸ்ஜத்தின் உம்மா,
"என்னத்தப் போட்டுச் செஞ்சானுகள் எண்டு
எழுத்து இவ்வளவு சின்னனாக் கிடக்கே டீச்சர்"
என்று சிரித்தபடி என் கையிலேயே வைத்தா.
இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.
மரக்கறி ரோல்ஸில் முட்டையே இல்லையென்று
பேக்கரிக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார்.
மேலே பூசியதை
அவர் கணக்கில் எடுப்பதில்லை.

பிஸ்கட்டுக்கு எதிர்ப்பில்லை,
நிலக்சனாவின் இன்சுலின் ஊசியைத் தவிர.
அவள் தாய் சிவப்புப் பேனையால் எழுதி அனுப்பியிருந்தா:
"அரைப் பிஸ்கட் எண்டாலும்
எனக்குச் சொல்லிப்போட்டுக் குடுங்கோ."

போன மாசியில்
எங்கள் மண்டபத்தில்தான் ஜெறோமியின் உதடு வீங்கியது.
யாருடையதோ பிறந்தநாள் கேக்.
மேலே தூவியிருந்ததைக் கஜு என்று நம்பினோம்.
பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ பறக்க
கல்லடிப் பாலம்
அன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது.
என் மடியில் கிடந்தவன்
ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேடித் தேடிக் கேட்டான்:
"டீச்சர்... நான் வாறதுக்குள்ள...
கேக்... முடிஞ்சிருமா?"

அதன்பிறகு தனிப்பெட்டியில் சாப்பாடு வந்தது.
பெட்டி மூடியைச் சுவர்போல நிமிர்த்தி வைத்து
அதற்குப் பின்னால் இருந்து சாப்பிட்டான்.
அந்த மூடியை இரண்டு கிழமைதான் பார்த்தேன்.
மூன்றாம் கிழமை
இந்தக் கொப்பியை வாங்கினேன்.

நாளை பட்டம் விடும் நாள்.
கச்சான் எழும்பிவிட்டது,
தென்னோலை எல்லாம் கடலைப் பார்த்துச் சாய்கிறது.
இன்று வால் ஒட்டிக்கொண்டிருந்தபோது
ஜெறோமி கேட்டான்,
"கச்சான் காத்து எனக்கு ஒத்துக்குமா டீச்சர்?"
பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஒருமுறை மூச்சுக்குத் தவித்தவன்
பெயரைக்கூட உரித்துத்தான் பார்ப்பான்.

கடைசியில் வத்தகப்பழம்,
உப்புப் போட்டு அவித்த சோளன்.
புதுக் கத்தி, புதுப் பலகை.
நிலக்சனாவின் துண்டை மட்டும்
மரக்கறிக் கடைத் தராசில் நிறுத்து
எடையைக் கையில் எழுதிக்கொண்டேன்.

எல்லாம் சரி.
கடற்கரையில் பிள்ளைகள் வட்டமாக இருக்கும்போது
மணியடித்துக்கொண்டு வந்தது
கச்சான் வண்டி.

ஓடிப்போய் மறித்தேன்.
உதுமாலெப்பைக் காக்காவுக்கு
எப்படிச் சொல்வதென்று தெரியாமல்
எல்லாவற்றையும் சொன்னேன்,
ஆட்டோ, பாலம், கேக், பெட்டி மூடி.
எந்தப் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை.
பட்டங்களின் வால் எந்தப் பக்கம் இழுபடுகிறதென்று
அண்ணாந்து பார்த்தார்.
அடுப்பைத் தணித்தார்.
சில்லு மணலில் புதையப் புதைய
வண்டியை அலைக்கரை மட்டும் தள்ளிப் போனார்.
"காத்துக்குக் கீழ நிக்கன் மகள்.
இனித் தூசி கடலுக்குத்தான் போகும்."
அங்கே வாங்க ஆளில்லை,
வலை உதறும் இரண்டு பேரைத் தவிர.

"ஒவ்வொரு சனியும் பழமா?
பணிஸ் இல்லையா?"
றிஸ்னா முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.
அஸ்ஜத் விதைகளைத் துப்பித்
தூரம் அளந்துகொண்டிருந்தான்.

ஜெறோமியின் பட்டம் கடலுக்கு மேலே,
கச்சான் வண்டிக்கு நேர் மேலே,
அசையாமல் நின்றது.
இரண்டு கையிலும் வத்தகப்பழம் அவனுக்கு,
எல்லாருக்கும் கொடுத்த அதே பழம்.
நூலைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தான்.

கடிக்காதே, வாய் வெட்டும் என்று
கத்தத்தான் வேண்டும்.

கொஞ்சம் பொறுத்துக் கத்தினேன்.