வினைமுற்றுக்குக் காத்திருத்தல்

ஃபேனை நிறுத்தியாயிற்று.
கல்லடியில் ஏப்ரல், மேல்மாடி அறை.
யன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து
கதவடியில் ஈரத் துவாயைச் சுருட்டி வைத்து
ஹெட்செட்டுக்குள் இரண்டு காதுகளையும்
பூட்டிக்கொண்டு இருக்கிறேன்.
சம்பளம் வாய்க்கு என்று நினைக்கிறார்கள்.
காதுக்குத்தான்.

திரையில் மூன்று பெட்டிகள்.
கொழும்பில் விசாரணை அதிகாரி,
முதுகுக்குப் பின்னால் ஒரு பொய் நூலகம்.
செங்கலடியில் என் சோடி கிருபைராணி,
கமராவை மூடிக்கொண்டு,
அரை மணிக்கொரு தடவை என்னை மாற்ற.
பொத்துவில் பிரதேச செயலகத்தில் ஆதம்பாவா பரீதா.
மேசையின் அந்தலையில் வைத்த மடிக்கணினியைப் பார்த்து
ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுகிற மாதிரிக்
கத்துகிறார்.

இரண்டு ஏக்கர் வயல்.
ஒரு கடதாசி, அதன் அடியில் ஒரு கையொப்பம்.

"நான் கையொப்பம் போட்டது"
என்று காதில் விழுந்தது.
இவ்வளவுதானா விழுந்தது,
மிச்சம் வருகிற வழியில்
திருக்கோவிலிலோ களுவாஞ்சிக்குடியிலோ
ஏதாவதொரு கோபுரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறதா?

எங்கள் மொழியில் மறுப்பு கடைசி ஆள்.
செய்தவர், செய்த பொருள், இடம், நாள்
எல்லாம் வந்து வாங்கில் இருந்தபின்
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் "இல்ல".
லைன் அறுவதும் பெரும்பாலும் அங்கேதான்:
வாக்கியத்தின் வால், குரல் தாழும் இடம்,
ஒலியை நெருக்கிச் சுருக்குகிற மென்பொருள்
இது போனால் பரவாயில்லை என்று தீர்மானிக்கும் இடம்.

போட்டது என்றால் வயல் போச்சு.
போட்டதில்ல என்றால் வயல் இரிக்கு.
நடுவில் அரைச் செக்கன்.

அதிகாரி காத்திருக்கிறார்.
"உரைபெயர்ப்பாளர் பேசுகிறேன்," சிங்களத்தில் சொல்கிறேன்,
"ஒலி தெளிவில்லை, திரும்பச் சொல்லக் கேட்கிறேன்."
தலையசைக்கிறார்,
என் தமிழில் ஓட்டை கண்டுபிடித்து
மன்னித்துவிட்டவரைப் போல.

பரீதா திரும்பச் சொன்னார்.
இந்த முறை அங்குள்ள ஃபேன்தான் பேசியது, முழுவதும்.
பக்கத்தில் நின்ற கிளார்க், நல்ல பொடியன்,
எட்டி எதையோ அழுத்தினான்.
ஃபேன் செத்தது.
காகம் செத்தது.
பிறகு அவரும்.

வாய் அசைகிறது. தோள் குலுங்குகிறது.
முந்தானை கண்ணுக்குப் போகிறது.
என் காதில் கழுவித் துடைத்த வெறுமை.
இரைச்சல் நீக்கி
அழுகையையும் இரைச்சலோடு சேர்த்துக் கூட்டி அள்ளிவிட்டது.

கிருபைராணி வாட்ஸ்அப்பில்: உனக்குக் கேக்குதா?
இல்ல, என்று எழுதினேன்.
அந்த இல்ல
ஒரு நொடியில் செங்கலடிக்குப் போய்ச் சேர்ந்தது,
இரண்டு நீலக் கோடுகளோடு.

மௌனத்தை எப்படிப் பெயர்ப்பது என்று
பயிற்சி வகுப்பில் ஒருவர் கேட்டார். சிரித்தோம்.
மௌனம் என்றாலாவது
ஏதாவது செய்திருப்பேன்.

"தம்பி, அத நிப்பாட்டுங்க. ஃபேன் கிடக்கட்டும்.
போன எடுத்து அவவிட வாய்க்குக் கிட்டப் பிடிங்க."
என் வாயில் என் சொந்தப் பேச்சு வரக்கூடாது.
வந்துவிட்டது.

எல்லாம் ஒன்றாக உள்ளே விழுந்தன:
ஃபேன், காகம், கதிரை இழுபடும் கீச்சு,
யாரோ ஃபைலை மூடும் பட்.
இவற்றுக்கு அடியிலிருந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு,

"மறுகாவும் செல்றன் மகள்,
நான் கையொப்பம் போட்டதில்ல.
எனக்கு ஒப்பம் போடத் தெரியா. பெருவிரல்தான்."

"அத்சன் கெருவே நே," என்றேன்.
சிங்களத்திலும் அந்த "நே"
கடைசியாகத்தான் வருகிறது.
அதற்குள் அதிகாரியின் பெட்டி உறைந்துவிட்டது,
வாய் பாதி திறந்தபடி,
புத்தகங்கள் அவர் காதை விழுங்கிக்கொண்டிருக்க.

எது வரைக்கும் கேட்டிருப்பார்?

வட்டம் சுற்றிச் சுற்றி
அவர் கண் இமைத்ததும்
மறுகாவும் சொன்னேன்.

வியர்வை ஹெட்செட்டின் பஞ்சுக்குள் இறங்குகிறது.
கிருபைராணியின் முறை தொடங்கி
நாலு நிமிடம் ஆகிறது.