எட்டாம் பாகத்துக்கு இரண்டரை

மைனஸ் இருபத்தாறு. சுப்பீரியர் ஏரி
கரையிலிருந்து கண்ணெட்டும் வரை இறுகிக் கிடந்தது.
அரங்கில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர்.
அதில் ஒருவர் ஹீட்டருக்காக வந்தவர்,
கோட்டைக் கழற்றாமலே தூங்கிவிட்டார்.

முதல் பாகம் வந்தபோது எனக்குப் பத்தொன்பது.
பனிச்சாலைக்கு உப்புத் தூவும் லாரி,
அதை ஓட்டுகிறவனுக்கு முகம் கிடையாது,
வெல்டிங் முகமூடி மட்டும்.
அவ்வளவுதான் கதை. அவ்வளவே போதுமாயிருந்தது.
அந்தக் குளிர்காலம் முழுக்க
தெருமுனையில் ஆரஞ்சு விளக்குச் சுழன்றால்
திரைச்சீலைகள் தாமாக மூடிக்கொண்டன.
நகராட்சிக்கு நிஜமாகவே உப்பு லாரி ஓட்டிய
வெய்க்கோ ஹக்காலாவுக்கு
பெண் கேட்டுப் போன வீட்டில் காபிகூடக் கிடைக்கவில்லை.

இரண்டில் அவனுக்கு ஓர் அம்மா முளைத்தாள்.
மூன்றில் அவளைக் கொன்றார்கள்.
நான்கை எடுத்தவர்களே மறந்துவிட்டார்கள், விடுங்கள்.
ஐந்துக்கு நான் வைத்த தலைப்பு ‘உப்புச் சப்பில்லை’.
அந்த வாரம் நாலு கடிதம் வந்தது,
மூன்று என்னைத் திட்டி.
ஆறில் மியாமிக்குப் போனான்.
பனியே விழாத ஊரில் உப்பு லாரிக்கு என்ன வேலை என்று
படத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை.
ஏழு, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குவதாகச் சொன்னது.
எட்டு, அந்த ஏழு நடக்கவே இல்லை என்கிறது.

சரி, எட்டு.
ரத்தம் கணினியில் செய்தது,
பனியில் விழுந்தும் பனியை உருக்கவில்லை.
ஐந்து இளசுகள்,
பெயர் மனதில் பதியும் முன் செத்துப்போனார்கள்.
பூனைக்கு மணி கட்டிவிட்டார்கள் வேறு,
ஒவ்வொரு பயத்துக்கும் முன்னால் ஒரு வயலின்.

ஆனால் அறுபத்தெட்டாவது நிமிடத்தில்
ஒரு மாடிப்படி.

இரண்டாம் பாகத்திலிருந்து
முகமூடிக்குள் இருப்பது ஒரே ஆள்.
சாப்பாடு கொடுத்தவர்களுக்கும் கீழே,
விளக்குகள் எரிந்தபின் ஓடும் அவர் பெயர்.
அன்று இதே படியை மூன்று மூன்றாகத் தாவினார்.
இப்போது கைப்பிடியைப் பிடிக்கிறார்.
வலது கால்.
அதே படிக்கு இடது காலும் வந்து சேர்கிறது.
பிறகு வலது.

மேலே துப்பாக்கியோடு,
முதல் பாகத்தில் தப்பித்த அதே பெண்.
அறுபது தாண்டியிருக்கும், அவளுக்கும் மூச்சிரைக்கிறது.
சுட்டிருக்கலாம்.
எட்டு வயதுக் குழந்தைக்கும் தெரியும், அங்கே சுட வேண்டும்.
அவள் காத்திருந்தாள்.
காமிரா வெட்ட மறந்ததோ,
வெட்ட யாருக்கும் மனம் வரவில்லையோ.
ஏழாவது படியில் முகமூடியின் கண்ணாடி
உள்ளிருந்து ஆவி படிந்து வெளுத்தது.

முன்வரிசைப் பையன் வாய்விட்டுச் சிரித்தான்.
நியாயம்தான், நானும் சிரித்திருப்பேன்,
ஆகஸ்டில் மாற்றிவைத்த என் இடது முழங்கால்
அவரோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருக்காவிட்டால்.

இரண்டரை என்று அனுப்பினேன்.
ஆசிரியர் கோவல்சுக் போனில் கூப்பிட்டார்:
‘நம்ம எழுத்துருவில் அரை நட்சத்திரம் இல்லை, டோரின்.
இரண்டா, மூன்றா?’
படிக்கட்டுக்கு நான்கு, மீதிக்கு ஒன்று என்றேன்.
‘படிக்கட்டைப் பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்?’
அவர் சொன்னதும் சரிதான்.
இரண்டு என்றே அச்சானது.

இடமில்லை என்று
கடைசி வரியையும் வெட்டிவிட்டார்.
அதில் அந்த ஆளின் பெயர் இருந்தது,
எழுத்துப்பிழை இல்லாமல் இரண்டு முறை சரிபார்த்தது:
கார்த் ஸ்டெப்னிக்.

ஒன்பதாம் பாகம் உண்டு என்கிறார்கள்.
எடுங்கள், நான் வருவேன்.
லிஃப்ட் இருக்கிற வீடாகப் பாருங்கள்.