தொண்ணூற்றேழு சதவீதம்

கீல் உடைந்த மூடிக்குப் பின்னால்
ஒரு செங்கல்.
அதில் சாய்ந்துதான் நிற்கிறது
என் ஏழு வருஷ லேப்டாப்.

ஐந்து ரோட்டுக் கடையில் இத்ரீஸ் சொல்கிறான்:
'தீபாவளிக்குப் புது சிப் வருதுக்கா, பொறுங்க.'
போன வருஷமும் இதையேதான் சொன்னான்.
வந்தது.
விலையும் கூடவே ஏறி வந்தது.

ஆடியில் தள்ளுபடி உண்டு, கல்யாணம் இல்லை.
ஆவணியில் கல்யாணம், கையில் காசு,
தள்ளுபடி போயிருக்கும்.
மாசம் மூவாயிரத்து இருநூறு, பதினெட்டு மாசம் என்று
ஓமலூர் பஸ் டிக்கெட்டின் முதுகில்
மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன்.

இன்று ராத்திரி
தாரமங்கலத்துப் பெண்ணின் வரவேற்பு ஆல்பம்.
உள்ளே விசிறி மிக்ஸி மாதிரி கத்துகிறது.
தொண்ணூற்றேழில் நின்றுவிட்டது.
நெற்றிச்சுட்டி வந்தாயிற்று, கண் வந்தாயிற்று,
சிரிப்பு மட்டும் பாக்கி.

ஜன்னலைத் திறந்தேன், அது கொஞ்சம் ஆறட்டும் என்று.
ஏற்காட்டுப் பாதையில் ஒரு வண்டி வெளிச்சம்
கொண்டை ஊசி வளைவில் காணாமல் போனது.
போயேவிட்டது என்று நினைத்தபோது
இன்னும் மேலே, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு
தெரிந்தது.

திரும்பினேன். தொண்ணூற்றெட்டு.

காலையில் இத்ரீஸிடம் கேட்க வேண்டும்,
பழசுக்கு என்ன தருவே தம்பி என்று.
செங்கல்லைத் தரமாட்டேன்.