பாதிப் பாத்தியம்

பத்திரத்தில் நான்காம் பக்கம்:
"மேற்படி மனைக்கட்டிலுள்ள உறைக்கிணற்றில்
பொதுவில் பாதி பாத்தியம்."
அப்படித்தான் சுவர் வந்தது
கிணற்றுக்குக் குறுக்கே,
ஓர் இரும்பு உத்தரத்தின் மேல் ஏறி.
அந்தப் பக்கம் அவர்கள் உருளை,
இந்தப் பக்கம் எங்கள் உருளை.
சுவருக்குக் கீழே
தண்ணீரை எப்படிப் பிரிப்பதென்று
உத்திராபதிக் கொத்தனாருக்குத் தெரியவில்லை.
கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பேச்சு நின்று ஒன்பது வருஷம்.
எதற்கென்று கேட்டால்
ஒரு வளைகாப்புப் பந்தியில் தொடங்கிச் சொல்ல வேண்டும்.
ஆனாலும் காலையில் வாளி விடக் குனிந்தால்
உள்ளே, தலைகீழாக,
அபயம் அக்காவின் மூக்குத்தி.
யார் வாளி முதலில் விழுகிறதோ
அதுவரை பார்த்துக்கொண்டிருப்போம்.
பார்க்கவில்லை என்றுதான்
இரண்டு வீட்டிலும் கணக்கு.

பிறகு அவர்கள் போர் போட்டார்கள், நூற்றெண்பது அடி.
நாங்கள் இருநூறு.
இருபது அடி கூட. சும்மாதான்.

கிணறு கொசு வளர்த்தது.
போன ஐப்பசியில் ஒரு பூனையை வாங்கிக்கொண்டது.
குத்தாலம் பேரூராட்சியிலிருந்து
ஒரே கிணற்றுக்கு இரண்டு நோட்டீஸ் வந்தன.

டிப்பர் ஜெகபர் அலிதான் தூது.
"அந்த வீட்டம்மா மூணு லோடு போதுங்கிறாங்க."
"நான் நாலுங்கிறேன்னு சொல்லுங்க."
"அஞ்சு ஆகும்மா. யாரு சொன்னாலும் அஞ்சு.
வைகாசிக்குள்ள முடிங்க.
ஆத்துல தண்ணி வந்துட்டா
கொட்டுறதெல்லாம் சேறுதான்."

மோட்டார் வைத்து இறைத்ததில் அடியில் கிடந்தவை:
நான்கு வாளி, கைப்பிடி இல்லாத ஒரு செம்பு,
புட்வால்வு,
அப்புறம் பாதாளக்கரண்டி.
விழுந்ததையெல்லாம் எடுக்க வைத்திருந்தது
விழுந்து கிடந்தது.
அவள்தான் இரவல் வாங்கித் திருப்பவில்லை என்று
நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன்.
அவள் என்னைச் சொல்லியிருந்தாளாம்.
"யார் பக்கம் கிடந்துச்சு?" என்றேன்.
"நட்ட நடுவுல" என்றார் ஜெகபர் அலி,
எடைக்குப் போட்டுக் கூலியில் கழித்துக்கொண்டார்.

கல் உப்பு போட்டோம். மஞ்சள் போட்டோம்.
மூச்சுவிட ஒரு குழாய் நட வேண்டும்,
இல்லாவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்றார் உத்திராபதி.
எந்தப் பக்கம் என்று அரை நாள் வேலை நின்றது.
கடைசியில் இரண்டு குழாய்,
சுவருக்கு இப்பால் ஒன்று, அப்பால் ஒன்று.
கிணற்றுக்கே மூக்கு முளைத்த மாதிரி.

மண் விழும் சத்தம் முதலில் தூரத்தில் கேட்டது.
ஒவ்வொரு லோடுக்கும் கிட்டே வந்தது.
ஐந்தாவதில் சத்தமே இல்லை.
மேலே ஸ்கூட்டர் நிறுத்தினோம்.

ஆடி பிறந்தது.
வாய்க்காலில் தண்ணீர் வந்த மூன்றாம் நாள்
ஸ்கூட்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.
கிணறு இருந்த வட்டம் மட்டும்
ஒரு சாண் இறங்கியிருந்தது.
அளந்து வைத்தாற்போல அரைவட்டம்;
மீதி அரைவட்டம் என் பார்வைக்கு இல்லை.
அன்னக்கூடையில் மண் அள்ளிக் கொட்டினேன்.
விடிந்தால் மறுபடி குழி.
மறுநாளும் கொட்டினேன்.
வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை,
நாலு லோடு என்று வாதாடியவள் நான்.

பதினெட்டாம் பெருக்குக்கு முதல் நாள் ராத்திரி
கரண்ட் இல்லை.
கூடையோடு போனால்
சுவருக்கு அந்தப் பக்கம்
மண்வெட்டி சுரண்டும் சத்தம்.
நான் நின்றேன். அதுவும் நின்றது.
நான் கொட்டியது அவள் பக்கம் சரிகிறதா,
அவள் கொட்டியது என் பக்கம் வருகிறதா,
சுவர் அவ்வளவு ஆழம் போகவில்லை.

"எத்தனை கூடை ஆச்சு?"
இருட்டிடம் கேட்பதுபோல் கேட்டது ஒரு குரல்.
ஒன்பது வருஷத்தில் கொஞ்சம் கரகரத்திருந்தது.

"பதினொண்ணு" என்றேன்,
நானும் இருட்டிடம்தான்.

"இங்க பதிமூணு."

இரண்டு கூட.
சும்மாதான் சொல்லியிருப்பாள்.